கொண்டிக் கம்பியில் ஏறிய நீலம்

தையற்காரி வந்து கதவைத் தட்டியபோது காலை பத்து மணி. அளவெடுக்கும் டேப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வைக்கக்கூடத் தோன்றாமல் ஓடி வந்திருக்கிறாள். "அம்மா, இன்னைக்குச் சாயங்காலம் என் தம்பி கையெழுத்துப் போடப் போறான். ஒரு ஆளைக் கொன்னது நான்தான்னு" என்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவள் தேடி வந்த அம்மா, இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலை விபத்துகளை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தவர். மேலதிகாரிகள் சொன்னபடி அறிக்கை எழுத மறுத்து வேலையை விட்டார். இப்போது வீட்டிலிருந்தே துப்பறிகிறார். கணவரின் தம்பி கூடமாட ஒத்தாசை. அவர் இவரை அண்ணி என்பார், இவர் அவரைக் கொழுந்தனாரே என்று கேலியாகக் கூப்பிடுவார். கொழுந்தனாருக்கு ஐம்பத்தெட்டு வயது, வழுக்கைத் தலை, எந்த வழக்கிலும் முதல் ஐந்து நிமிடத்திலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடும் அவசரம். ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை.

"யாரைக் கொன்னானாம்?" என்று அண்ணி கேட்டார்.

"மேஸ்திரியை. ஓவன்ல வெச்சு."

கொழுந்தனார் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் அழுகைக்கு நடுவே சொன்னதைக் கோத்துப் பார்த்தால் விஷயம் இதுதான். தம்பி வேலை செய்வது இரும்பு ஜன்னல் சட்டங்களுக்குப் பவுடர் அடிக்கும் பட்டறையில். அங்கே வண்ணத்தைக் குழைத்துப் பூசுவதில்லை. உலர்ந்த பொடியாகவே 'கன்' என்ற கருவியால் பீய்ச்சுவார்கள். பொடி இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆள் நடந்து போகும் அளவுள்ள ஓவனுக்குள் தள்ளி வேகவைத்தால் உருகிக் கெட்டியாகிவிடும். கன் பிடிப்பவன் தம்பி. கொக்கிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சட்டங்களை அதில் மாட்டிக் கொடுப்பவன் மேஸ்திரியின் மச்சினன்; ஒன்பது வருடமாக அதே வேலை, பட்டறையில் அவனுக்குப் பெயரே கொக்கி. மூன்று நாளைக்கு முன் மத்தியானம் தம்பி ஒரு லோடு நீலம் அடித்து முடித்தான், கை கழுவப் போனான், திரும்பி வந்து, லோடை உள்ளே தள்ளுமுன் காலி ஓவனைச் சூடேற்றும் பட்டனை அமுக்கினான். அரை மணி கழித்துக் கதவைத் திறந்தபோது மேஸ்திரி உள்ளே கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. கதவின் கொண்டியில் வெளிப்பக்கம் இரும்புக் கம்பி செருகியிருந்தது.

"கம்பியைச் செருகினது யாரு?"

"தம்பிதான்னு கொக்கி சொல்றான். கன்னைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி அவன் கம்பியைப் போட்டதைக் கண்ணால பார்த்தேங்கறான். மேஸ்திரி அப்பவே உள்ள ஏதோ ரிப்பேர் பார்த்துட்டு இருந்திருப்பாராம்."

"தம்பி என்ன சொல்றான்?"

"ஞாபகமில்லைங்கறான். தினமும் நான்தானே போடுவேன், அன்னைக்கும் போட்டிருப்பேன்னு அழறான். மறுநாள் கொக்கி அவனை இழுத்துட்டுப் போய் மேஸ்திரி சம்சாரம் கால்ல தள்ளினான். 'என் அக்கா காதுல விழற மாதிரி சொல்லுடா, உன் புருஷனைச் சுட்டது நான்தான்னு சொல்லு'ன்னான். அவனும் சொன்னான்மா. மூணு தடவை சொல்ல வெச்சான்."

சாவதற்கு முந்தின நாள் மேஸ்திரி நாலு பேர் முன்னிலையில் தம்பியைத் திட்டியிருந்தார். அதை வைத்து, வேண்டுமென்றே செய்த கொலை என்று இன்ஸ்பெக்டர் எழுதி வைத்துவிட்டார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்தது இந்த அக்கா. அவன் உள்ளே போனால் அவளுக்கு உலகத்தில் வேறு ஆளில்லை என்பது அவள் சொல்லாமலே தெரிந்தது.

அண்ணி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை அவர் யாருக்கும் ஆறுதல் சொல்வது கிடையாது. முடிந்த பிறகும் பெரும்பாலும் மறந்துவிடுவார். "கொழுந்தனாரே, செருப்பை மாட்டுங்க" என்றார்.

பட்டறை என்பது ஒரே ஒரு நீளமான கூடம். வாசலை ஒட்டிப் பட்டன் பலகை. உள்ளே வெகுதூரம் தள்ளிப் பொடி அடிக்கும் இடம். அதற்கு நாலு அடி தள்ளி, கூடத்தின் மறுகோடியில், ஓவனின் இரட்டைக் கதவு. அதில் போலீஸ் சீல். அன்றைக்கு அடித்த நீலச் சட்டங்கள் வேகாமல் அப்படியே வரிசை வரிசையாகத் தொங்கின. வேலை நின்றிருந்த அந்த இடத்தில் ஒருவன் மட்டும் கன்னை வாசலோரம்வரை இழுத்து வந்து ஒரு பழைய தகரத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். அவன்தான் கொக்கி. முகத்தில் மாமன் செத்த துக்கம் இருந்தது, கையில் புது மாப்பிள்ளையின் மிடுக்கு இருந்தது.

"கையைப் பழக்கிக்கறான். இனிமே இவன்தானே கன் பிடிக்கணும்" என்றார் முதலாளி. தொங்கிய சட்டங்களைப் பார்த்து, "மூணு நாளா நஷ்டம்மா. செத்தவர் செத்துட்டார், என் லோடையும் சேர்த்துக் கொன்னுட்டார்" என்று பெருமூச்சு விட்டார். கொழுந்தனார் அந்த நொடியே முதலாளிதான் கொலைகாரர் என்று முடிவு கட்டிவிட்டார்.

அண்ணி முதலாளியிடம், "கன்னை நிறுத்தின பிறகு அந்தப் பையன் எங்கெல்லாம் போனான்?" என்று கேட்டார்.

"நான்தான் வாசல்ல நின்னு கூப்பிட்டேன். கன்னை வெச்சுட்டு நேரா என்கிட்ட வந்தான். குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய், பழைய லோடுல இருந்த குறைக்கு நல்லா நாலு கேள்வி கேட்டேன். பேசிக்கிட்டே திரும்பி வந்தோம். வாசல்ல நின்னபடியே பட்டனை அமுக்கினான். அரை மணியும் என்கூட வெளியில உட்கார்ந்தான்."

"ஓவன் கதவுகிட்ட போகவே இல்லையா?"

"இல்ல. போலீஸ்லயும் இதைச் சொன்னேன். அவங்க காதுலயே வாங்கிக்கல. கம்பிதான் முன்னாடியே போட்டாச்சே?"

கொக்கியைக் கேட்டபோது கேள்வி முடியும் முன்னே பதில் வந்தது. "இங்க ரூலே அதுதான் மேடம். ஓவன் கதவைச் சாத்திக் கம்பியைப் போட்ட பிறகுதான் கன்னைத் தொடணும். இல்லேன்னா பொடி உள்ள போயிரும். அவனும் அப்படித்தான் போட்டான். நான் அதோ, பொடி அடிக்கற அந்த இடத்துலதான் நின்னேன். கடைசிச் சட்டம் வரைக்கும் நான்தான் மாட்டிக் கொடுத்தேன். அவன் போனதும் நானும் பின்பக்கமா வெளியில போயிட்டேன்."

அண்ணி ஓவன் கதவுக்குப் போனார். கட்டைவிரல் தடிமனுள்ள கொண்டிக் கம்பி ஒரு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் குமிழ்த்தலையில் எத்தனையோ வருட வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் பொருக்குத் தட்டியிருந்தன. கொண்டிக்குள் போகும் தண்டில் அப்படியில்லை. அங்கே ஒரே ஒரு நிறம், நீலம். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் சுற்றிலும் ஒரே சீராக ஏறி, வெந்து கெட்டியாகியிருந்தது. நீளவாக்கில் இரண்டு கீறல்கள் மட்டும் தெரிந்தன.

"இந்த நீலம் எப்ப வந்தது?"

"அன்னைக்குக் காலையிலதான் மூட்டையைப் பிரிச்சோம். இந்தப் பட்டறையில நீலம் அடிச்சது அதுதான் முதல் தடவை" என்றார் முதலாளி.

கொழுந்தனார் தன் பங்குக்குத் தொங்கும் சட்டங்களைச் சுற்றி வந்தார். "அண்ணி, கடைசி வரிசை ஆறும் சொட்டை சொட்டையா இருக்கே. பொடியே பிடிக்கல. என் தலை மாதிரி."

அண்ணி வந்து பார்த்தார். சட்டத்தைப் பார்க்கவில்லை, அது தொங்கிய கொக்கிகளைப் பார்த்தார். மற்ற வரிசைகளின் கொக்கிகள் பளபளவென்று சுரண்டியிருந்தன. இந்த ஆறில் மட்டும் பழைய வண்ணம் தடித்துக் கிடந்தது. "இன்னைக்குத்தான் முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க" என்றார். கொழுந்தனாருக்குத் தலைகால் புரியவில்லை.

காவல் நிலையத்தில் தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அண்ணி கம்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கடைசி வரிசைச் சட்டங்களை மாட்டினது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

அவன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான். "நான்தான். கொக்கி எங்கேயோ போயிட்டான். மேஸ்திரியைக் கூப்பிடப் போறேன்னு கை காட்டின ஞாபகம். கம்ப்ரஸர் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நானே மாட்டினேன். கொக்கியைச் சுரண்டாம மாட்டிட்டேன், பொடி ஒட்டல. அதுக்கும் மேஸ்திரிகிட்ட திட்டு வாங்கணுமேன்னு..." அங்கே நிறுத்திவிட்டான். திட்டுவதற்கு இனி ஆள் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"போலீஸ்ல இதைச் சொன்னியா?"

"யாரும் கேக்கலைங்க."

திரும்பி வரும் வழியில் கொழுந்தனாரால் பொறுக்க முடியவில்லை. "பொடி ஏன் ஒட்டல? அதைச் சொல்லுங்க முதல்ல."

"சீப்பைத் தலையில தேய்ச்சுக் காகிதத் துணுக்கைத் தூக்கியிருக்கீங்களா?"

"முடி இருந்த காலத்துல."

"அதேதான். கன்னுக்குள்ள பொடிக்கு மின்னேற்றம் கொடுக்கறாங்க. சட்டம் கொக்கி வழியாத் தரையோட சேர்ந்திருக்கு. மின்னேறின பொடி கிட்ட வந்ததும், சட்டத்துல எதிர் ஏற்றம் தரையிலிருந்து ஏறி வந்து நிக்கும். எதிரும் எதிரும் இழுக்கும், பொடி பாய்ஞ்சு ஒட்டும். கிட்ட வர வர இழுப்பு பல மடங்காகும். பாதி தூரத்துல நாலு மடங்கு. கொக்கியில பழைய வண்ணம் இருந்தா, அது மின்சாரத்தை விடாது. தரையோட தொடர்பு அறுந்துபோச்சு. முதல்ல ஒட்டின பொடியோட ஏற்றம் போக வழியில்லாம சட்டத்துலயே தங்கிடும். அப்புறம் வர்ற பொடிக்கும் அதே ஏற்றம். ஒரே ஏற்றம் ஒண்ணை ஒண்ணு தள்ளும். அதான் சொட்டை."

"ஒரே வீட்டு மருமகளுங்க மாதிரி" என்றார் கொழுந்தனார். அண்ணி சிரிக்கவில்லை. அவர் அந்த வீட்டு மருமகள்களில் ஒருவர்.

மாலை நாலு மணிக்கு எல்லோரும் பட்டறையில் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார். கைவிலங்கோடு தம்பி. அவனைத் தொட அனுமதியில்லாமல் இரண்டடி தள்ளி அக்கா. முதலாளி. கொக்கி.

அண்ணி கடையிலிருந்து வாங்கி வந்த இரண்டு புதுக் கம்பிகளை எடுத்தார். ஒன்றைக் கொண்டிக்குள் செருகினார். இன்னொன்றைச் சங்கிலியில் மாட்டிப் பக்கத்திலேயே தொங்கவிட்டார். "யாராவது கொஞ்சம் நீலம் அடிச்சுக் காட்டணுமே" என்று சுற்றிலும் பார்த்தார். "நீங்கதானே இப்ப கன் பிடிக்கறது?"

கொக்கி மறுக்கவில்லை. மற்ற எதைச் செய்யச் சொன்னாலும் யோசித்திருப்பான், கன் என்றதும் யோசிக்கவில்லை. அன்றைய இடத்திலேயே நின்று, அன்றைய மாதிரியே ஒரு சட்டத்துக்கு நீலம் அடித்தான். நன்றாகவே அடித்தான். அவன் கன்னைக் கீழே வைத்ததும் அண்ணி இன்ஸ்பெக்டரை அழைத்துப் பார்க்கச் சொன்னார்.

தொங்கிய கம்பி தலை முதல் நுனி வரை நீலம். கொண்டிக்குள் இருந்ததை அண்ணி நிதானமாக உருவினார். தலை நீலமாக இருந்தது. தண்டு கடையில் வாங்கிய வெள்ளை இரும்பாகவே இருந்தது.

"இப்ப அன்னைக்கு இருந்த கம்பியைப் பாருங்க. தலையில நூறு நிறம். ஏன்னா தினமும் ரூல்படி கம்பி உள்ள இருக்கும்போதுதான் பொடி அடிப்பாங்க, தலைதான் வெளியில இருக்கும். தண்டு இத்தனை வருஷமும் வெறும் இரும்பு. ஒரே ஒரு நாள் அதுல நீலம் ஏறியிருக்கு. நீலம் அடிச்சதே ஒரே ஒரு நாள். அன்னைக்கு கன் ஓடின நேரம் பூரா இந்தக் கம்பி வெளியில தொங்கியிருக்கு. கதவு சும்மா சாத்தியிருந்தது. சாத்தின கதவைப் பார்த்ததும், தினமும் போடற மாதிரி கம்பியைப் போட்டுட்டோம்னு இவன் நினைச்சுட்டான்."

"பொடி காத்துல பறக்கும் மேடம்" என்றான் கொக்கி. "அப்புறமா பறந்து படிஞ்சிருக்கும்."

"தானாப் படியற தூசி மேல்பக்கம் படியும். இது அடியிலயும் முதுகுலயும் ஒரே சீரா ஏறியிருக்கு. கன் ஓடும்போது, மின்னேறின பொடி ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு விரிஞ்சு வந்து, தரையோட சேர்ந்த இரும்பைச் சுத்திப் பிடிச்சிருக்கு. கன் நின்ன பிறகு அப்படி ஏறாது. உங்களுக்குத் தெரியாததா? அடுத்தது, தண்டுல ரெண்டு கீறல். பொடி ஏறின பிறகு யாரோ கம்பியைக் கொண்டியில செருகியிருக்காங்க. சாதாரணமா விரல் பட்டா அழிஞ்சுபோற பொடி இது. ஆனா உடனே ஓவன் சூடாச்சு, கதவிடுக்குல கசிஞ்ச சூட்டுல வெந்து கெட்டியாயிடுச்சு. மேஸ்திரியைக் கொன்ன அதே சூடு."

முதலாளி ஓவன் கதவிலிருந்து ஓரடி விலகி நின்றார்.

"அப்ப கம்பி போட்டது கன் நின்ன பிறகு, பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி. அந்த நேரம் பூரா பையன் முதலாளிகூட இருந்திருக்கான். கூடத்துல மிச்சம் இருந்தது ஒரே ஆள்."

"நான் பின்பக்கமா போயிட்டேன்!"

"கடைசிச் சட்டம் வரைக்கும் நான்தான் மாட்டிக் கொடுத்தேன்னு சொன்னீங்க. ஒன்பது வருஷம் கொக்கி சுரண்டினவர் நீங்க. கடைசி ஆறு கொக்கியும் சுரண்டாம இருக்கு. நீங்க அப்ப இங்க இல்ல. ஓவன்ல ஏதோ கழண்டிருக்குன்னு மேஸ்திரியைக் கூப்பிடப் போயிருந்தீங்க. கன் நின்னதும் அவரை உள்ள அனுப்பிட்டுக் கம்பியைப் போட்டீங்க. பட்டனைப் பையன் வந்து அமுக்குவான்னு தெரியும், தினமும் அவன்தானே. ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒழிஞ்சா கன் உங்க கைக்கு வரும். சாட்சி சொல்லும்போது பட்டறை ரூலையே சொல்லிட்டீங்க, கம்பி முதல்ல, கன் பிறகுன்னு. 'கன்னை வெச்ச பிறகு போட்டான்'னு சொல்லியிருந்தா, அப்ப பையன் என்கூட இருந்தான்னு முதலாளி மறுத்திருப்பார். அதனால ரூல் பத்திரம்னு நினைச்சீங்க. ரூலை மீறின நாள்ல பொடி எங்கெல்லாம் ஏறும்னு யோசிக்கல."

கொக்கி எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். பூசி மெழுக இனி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவன் குரல் உயர்ந்தது. "ஒன்பது வருஷம்! அக்கா புருஷன்னு நம்பி வந்தேன். சுரண்டு, மாட்டு, சுரண்டு, மாட்டு. கன்னை எங்கேயோ இருந்து நேத்து வந்தவன் கையில கொடுத்தார். ஏன் மாமான்னு கேட்டா, உனக்குக் கை நடுங்கும்டாங்கறார், எல்லாரும் சிரிக்கறாங்க. இப்ப அடிச்சேனே, நடுங்கிச்சா?"

"நடுங்கல" என்றார் அண்ணி. "கம்பியைப் போட்ட பிறகு எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"கொஞ்ச நேரம்." அவன் ஓவன் கதவைப் பார்க்காமல் சொன்னான். "தட்டினார். திறடா கொக்கின்னார். அப்பவும் கொக்கின்னுதான் கூப்பிட்டார்."

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். தம்பியின் விலங்கைக் கழற்றிக் கொக்கியின் கையில் மாட்டினார். வேறு விலங்கு கொண்டு வந்திருக்கவில்லை.

அக்கா ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கொண்டாள். "நீ இல்லடா, நீ இல்லடா" என்று அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கொழுந்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி அழவில்லை. அவள் தோளுக்கு மேலாக அண்ணியையே பார்த்தான்.

"நான் வந்து பட்டனை அமுக்கினப்ப மேஸ்திரி உயிரோட இருந்தாரா?"

கொழுந்தனார் அண்ணியின் கையைத் தொட்டார். அக்கா திரும்பி, வேண்டாம் என்று தலையசைத்தாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். இத்தனை நேரம் கம்பிக்காகவும் பொடிக்காகவும் பேசிய அண்ணிக்கு ஒரே ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இருந்தார்" என்றார் அண்ணி.

"தட்டியிருப்பாரா?"

"தட்டியிருப்பார். ஓவன் ஃபேன் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது."

"கேட்டுச்சு" என்றான் அவன். "ஃபேன் பேரிங் போயிடுச்சுன்னு நினைச்சேன். சாயங்காலம் மேஸ்திரிகிட்ட சொல்லணும்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அக்காவின் கை அவன் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் கொக்கியை வாசல் வழியாக நடத்திக்கொண்டு போனார்.

முதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். தொங்கிய நீலச் சட்டங்களை ஒரு பார்வை, தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கன் பிடிக்க இனிமே வேற ஆள் இல்லப்பா" என்றார். "சீலை இன்னைக்கே எடுத்துடறேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கார். உள்ள நல்லாக் கழுவி வெக்கச் சொல்றேன். காலையில எட்டு மணிக்கு வந்துடு."

தம்பி அக்காவின் கையை விலக்கிவிட்டு, "சரிங்க முதலாளி" என்றான்.